கவுதாரிப் பயண ஏற்பாட்டாளர்

உலகத்தில் பயணம் போகிறவர்கள் உண்டு, வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல், இரண்டு பேரையும் நிம்மதியாக இருக்கவிடாமல் ஓர் இனம் வாழ்கிறது. அதற்குப் பயண ஏற்பாட்டாளர் என்று பெயர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். டீக்கடையில் யாராவது, "எங்கிட்டாச்சும் போயிட்டு வரணும்ப்பா" என்று தெரியாத்தனமாகப் பெருமூச்சு விட்டால், பக்கத்து பெஞ்சில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை பேரு?" என்று கேட்பவர் அவர்தான். பெருமூச்சு விட்டவருக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

இந்த இனத்தில் கோயில் வேன் பிடிப்பவர், குற்றால சீசனுக்குக் கூட்டம் சேர்ப்பவர் என்று பல வகை. அரிய வகை ஒன்று எங்கள் அல்லிநகரத்தில் இருக்கிறது. பாண்டீஸ்வரன் என்று பெயர்; பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் ஏற்பாடு செய்வது சாதாரணப் பயணம் அல்ல. வெளிமாநிலத்துக்கு, நண்பர்களோடும் நாய்களோடும், கவுதாரி வேட்டை.

நாய்கள் இரண்டு. ஒன்று சிப்பிப்பாறை, பெயர் ராக்கெட். இன்னொன்று கன்னி வகை, பெயர் மின்னல். ராக்கெட் பெரும்பாலும் தூங்கும். மின்னலுக்கு மிக்சி சத்தம் ஆகாது. பாண்டீஸ்வரனின் மனைவி தேவயானி அக்கா சட்னி அரைத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இவற்றுக்கு மோப்பப் பயிற்சி கொடுக்க பாண்டீஸ்வரன் கறிக்கடையில் காடை வாங்கி, தரிசுக் காட்டில் ஒரு புதருக்குள் ஒளித்துவைத்து, விசில் ஊதி இரண்டையும் ஏவினார். மின்னல் யாருடைய செருப்பையோ கொண்டுவந்தது. ராக்கெட் காடையைக் கண்டுபிடித்தது, அங்கேயே தின்றுவிட்டுத் தூங்கியது. பயிற்சி நல்லபடியாக முடிந்ததாகக் குழுவில் செய்தி வந்தது.

குழு என்றால் வாட்ஸ்அப் குழு. அது இல்லாமல் ஏற்பாட்டாளர் ஏது? மூன்றே பேர் உள்ள குழுவில் அவர் அட்மின். உறுப்பினர் ஒருவர் ஸ்டான்லி. தேனி கடைவீதியில் பாத்திரக் கடை. இன்னொருவர் நாகராஜ், காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. குழுவின் பெயர் மட்டும் மாதம் ஒருமுறை மாறும்: 'மிஷன் கவுதாரி', 'கர்நாடகா காலிங்', 'ஆந்திரா அட்டாக்'. பயணம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லையே தவிர, பெயர் தென்னிந்தியா முழுவதும் சுற்றி வந்துவிட்டது.

எதற்காக வெளிமாநிலம் என்று கேட்கிறீர்களா? ஸ்டான்லியும் கேட்டார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் படித்துப் பார்ப்பார்.

"ஏலே பாண்டி, கவுதாரி சுட்டா ஜெயிலுடா."

"அதுக்குத்தானடா வெளிமாநிலம் போறோம்."

"சட்டம் நாடு பூராவும் ஒண்ணுதான். போடிமெட்டு செக்போஸ்ட்டோட நின்னுருமா?"

பாண்டீஸ்வரன் கொஞ்சநேரம் யோசித்தார். யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

"சரி, சுட வேணாம். நாய் பறவையக் கெளப்பும். நாம நின்னு பாப்போம்."

"நாயக் காட்டுக்குள்ள விடமாட்டாகடா."

"அப்ப காட்டுக்கு வெளிய நிப்போம்."

இப்படியாகத் துப்பாக்கி போயிற்று, வேட்டை போயிற்று, காடும் போயிற்று. மிச்சம் இருந்தது, வேறொரு மாநிலத்தில் ஏதோ ஒரு ரோட்டோரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வேறு யாராக இருந்தாலும் இங்கே கைவிட்டிருப்பார்கள். ஏற்பாட்டாளர் அப்படி அல்ல. பயணம் சுருங்கச் சுருங்க அவருடைய ஏற்பாடு விரியும். இலை நிறத்தில் கால்சட்டை வந்தது, பைனாகுலர் வந்தது, நாய்களுக்கு மழைக்கோட்டு வந்தது. மழைக்கோட்டை மாட்டி நடு ஹாலில் நிறுத்தியபோது தேவயானி அக்கா சொன்னது எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது: "ஏங்க, நம்ம பிள்ளைக்கு ஸ்கூல் கோட்டு வாங்கணும்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு."

எல்லாம் வந்தது. தேதி மட்டும் வரவில்லை. பங்குனியில் ஒரு தேதி குறித்தார். ராக்கெட்டுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று தள்ளிப்போனது. சித்திரையில் ஒன்று, வீரபாண்டித் திருவிழா நேரத்தில் ஊரை விட்டுப் போகலாமா என்று அவரே கேட்டு, அவரே கூடாது என்று பதில் சொன்னார். திருவிழா போன வருஷமும் சித்திரையில்தான் வந்தது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. வைகாசியில் குறித்த தேதி, காரின் மேல் வைக்கும் கேரியர் மதுரையிலிருந்து வராததால் போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் எழுதுவது ஒரே வாக்கியம்: "தேதி அப்புறம் சொல்கிறேன்." அதற்கு நாகராஜ் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

அந்தக் கட்டைவிரலில்தான் ஒரு குடும்பத்தின் விளைச்சல் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துத் திராட்சைக்குப் பருவம் கிடையாது. என்றைக்குக் கிளைகளை நறுக்கிக் கவாத்து வெட்டுகிறோமோ அன்றைக்குத்தான் கொடி விழித்துக்கொள்ளும். அங்கிருந்து நாலு மாதத்தில் பழம். ஆகவே வெட்டும் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் விவசாயியின் மூளை. வைகாசிக்குள் வெட்டினால் புரட்டாசியில் பழம் இறங்கிவிடும். ஆனிக்குப் போனால் ஐப்பசி அடைமழையில் மாட்டும். கொடியிலேயே பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். வெட்டிய பிறகோ தோட்டம் கைக்குழந்தை மாதிரி. துளிரைக் கட்டவும் கிள்ளவும் சாம்பல் நோய்க்கு மருந்தடிக்கவும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் நாகராஜ் என்ன செய்தார்? பயணம் போய்வந்து வெட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். கவாத்து ஆட்களை இரண்டு முறை வரச்சொல்லி இரண்டு முறையும் வேண்டாம் என்று திருப்பினார். ஒரு நாயின் தடுப்பூசிக்காகத் தோட்டம் முழுவதையும் தூங்கவைத்த விவசாயி, எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளத்தாக்கில் அவர் ஒருவர்தான்.

வைகாசிக் கடைசியில் நாகராஜின் மனைவி விஜி பஸ் ஏறி அல்லிநகரத்துக்கு வந்தார். பாண்டீஸ்வரன் வாசலில் மின்னலுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போறீகளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"போறோம் ஆத்தா. வர்ற வெள்ளிக்கெழம உறுதி."

"எந்த மாசத்து வெள்ளி?"

அண்ணன் பொத்தானில் கவனமாக இருந்தார்.

"கவாத்து ஆளுக திங்கக்கெழமதான் சும்மா இருக்காக. அத விட்டா அவுக ஓடைப்பட்டிப் பக்கம் போயிருவாக. பெறகு ஆடிதான். ஆடியில வெட்டுனா மழையில நாங்க என்னத்தப் பறிக்கிறது? வெட்டுங்கன்னா, பாண்டிக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு உக்காந்திருக்காரு உங்க சேக்காளி."

"கர்நாடகா போகணும்னா சும்மாவா ஆத்தா? கேரியரு இன்னும்..."

"வெளிமாநிலம்னா கேரளாவும் வெளிமாநிலந்தானே? சனிக்கெழம காலையில கம்பத்துல இருந்து ஏலக்காத் தோட்டத்து ஜீப்பு போகுது. டிரைவர்ட்ட சொல்லிட்டேன். போய்ட்டு சாயங்காலம் வந்துருங்க."

"கேரளாவுல கவுதாரி கெடையாதே."

"சுடப் போறதில்லன்னுதான சொன்னீக? சுடாத கவுதாரி எங்கன இல்லாட்டி என்னண்ணே?"

உள்ளே மிக்சி நின்றது. தேவயானி அக்கா சிரிப்பதற்காக நிறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியும் முன் பாண்டீஸ்வரன் கம்பத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த மரியாதையை நாம் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கால்சட்டை, பைனாகுலர், கோட்டு போட்ட நாய்கள், எல்லாம் குறையில்லாமல் இருந்தன. ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாண்டீஸ்வரன் ஜீப்பை முன்னும் பின்னும் பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். அப்புறம், தன் இனத்தின் பெருமை குன்றாமல், நண்பர்களைப் பார்த்துச் சொன்னார்:

"இது ரெக்கிதான். எடம் பாத்துட்டு வாங்க. ரெக்கிக்கெல்லாம் தலைவரு போகக் கூடாது. நான் இங்கன இருந்து கோஆர்டினேட் பண்றேன்."

நாய்களை ஏற்றிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார். ஏறவேயில்லை, ஆனாலும் இறங்கினார். எப்படி என்று அவருடைய இனத்தாருக்குத்தான் தெரியும்.

ஜீப்பில் மாயக்காள் என்ற அம்மாளின் காலடியில் ராக்கெட் படுத்துத் தூங்கிவிட்டது. மாயக்காள் குனிந்து அதன் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாய்க்கு எதுக்குய்யா சட்ட? எங்கன போறீக?"

"வெளிமாநிலம்" என்றார் நாகராஜ். மதுரையைத் தாண்டிச் சந்தோஷத்துக்காக எங்கும் போகாத மனிதர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாக ஸ்டான்லி சொன்னார்.

"நாங்களும் அங்கனதான் போறோம்" என்றார் மாயக்காள். "தெனமும்."

கேரள எல்லையான கம்பம்மெட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கினார்கள். மின்னலையும் ராக்கெட்டையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார்கள். கீழே பள்ளத்தாக்கு பனியில் கிடந்தது. தன் ஊரை மேலேயிருந்து பார்ப்பது நாகராஜுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு காட்டுக்கோழி, சாம்பல் உடம்பும் வளைந்த வாலுமாக, யாரையும் மதிக்காமல் ரோட்டைக் கடந்தது. மின்னல் ஸ்டான்லியின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. ராக்கெட் ஒரு கண்ணைத் திறந்து மூடியது. படம் பிடிக்க நாகராஜ் போனை எடுக்கவில்லை. கோழி போன பிறகும் வெகுநேரம் அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் பாண்டீஸ்வரன் ஸ்டான்லியை ஒன்பது முறை அழைத்து, கேரியர் வைத்த காருக்குத் தோதான வளைவுதானா என்று விசாரித்திருந்தார். சாயங்காலம் அதே ஜீப்பில், அதே பெண்களோடு திரும்பினார்கள். இத்தனை மாத ஏற்பாட்டில் நடக்காதது ஏற்பாடே இல்லாமல் நடந்துவிட்டது. ஏற்பாட்டாளருக்கு இதைவிட அவமானம் உண்டா?

அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை காமயகவுண்டன்பட்டியில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கத்தரிகளின் சத்தம் பந்தல் முழுக்க. விஜி வெட்டிய குச்சிகளை வரப்பில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். நாகராஜின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. குழுவின் பெயர் 'மகாராஷ்டிரா மாஸ்' என்று மாறியிருந்தது. செய்தி: "ரெக்கி வெற்றி. மெயின் ட்ரிப் புரட்டாசி. எல்லாரும் ஃப்ரீயாக இருக்கவும். தேதி அப்புறம் சொல்கிறேன்."

புரட்டாசி அவருக்கு அறுவடை மாதம். நாகராஜ் பந்தலைப் பார்த்தார், விஜியைப் பார்த்தார். கத்தரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

விஜி வந்து போனை வாங்கினார். குழுவிலிருந்து நாகராஜை வெளியேற்றிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்து, "அந்த வரிசை பாக்கி" என்றார்.

நல்ல வேளை, நாம் அப்படியில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். இருக்கலாம். எதற்கும் உங்கள் போனை எடுத்து, பெயரில் ட்ரிப் என்ற சொல் வரும் குழு எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கடைசிச் செய்தி யாருடையது? கட்டைவிரல் மட்டும் உங்களுடையது என்றால் கவலையில்லை, உங்களுக்கும் ஒரு விஜி வந்து சேரலாம். அந்தக் கடைசி வாக்கியமே உங்களுடையது என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நாய்களின் கோட்டையாவது கழற்றிவிடுங்கள். வெயில் காலம்.