பூசணிக்காய்க்குப் பச்சைக் கொடி

“...பெத்த ஆத்தாளே மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாலும், நேரமாச்சுன்னா பச்சையக் காட்டிரணும் அப்பு. கொடி பிடிக்கிற கையில ஈரம் இருக்கப்படாது!”

இப்படிச் சொன்னவர் கார்டு. பாசஞ்சர் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் தெருவில் குடியேறியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று தபால்காரருக்கும் சந்தேகம்தான். ரயிலை விட்டு இறங்கிய பிறகும் ரயிலை விட்டு இறங்காத மனிதர் திண்டுக்கல்லில், ஏன், இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான்.

சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் இரண்டு கொடிகளும் இருக்கும். பச்சையைத் தூக்கினால் சோறு வரும். சிவப்பைத் தூக்கினால் கரண்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒருநாள் சிவப்பைத் தூக்கியபடியே என்னோடு பேச்சில் இறங்கிவிட்டார். ரசக் கரண்டியோடு நின்று பார்த்த அவர் மனைவி, “சிக்னல் கெட்டுப் போச்சு, நான் போறேன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த அம்மாளுக்கு ஒரு பழைய ஆற்றாமை உண்டு. கலியாணமான புதிதில், கணவரின் வண்டியில் போகும்போது, கொடை ரோடு ஸ்டேஷனில் பழம் வாங்க இறங்கினாராம். “கூப்பிடு தூரத்துல ஓடியாரேன். மனுசன் என்னையப் பாத்துக்கிட்டேதான் பச்சையக் காட்டுனாரு!” அதற்குக் கார்டு சொன்ன பதில்தான் மேலே நீங்கள் படித்தது.

எங்கள் எதிர் வீட்டுக் காதர் பாய் தோல் வியாபாரி. பழைய கார் ஒன்று வாங்கியதும், அது வீட்டுக்குள் போய்வர, வாசல் சாக்கடைக்குள் சிமெண்டுக் குழாய் பதித்து, மேலே கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டார். அவருடைய ஒரே மகளுக்கு நிக்காஹ் என்று தெருவே களை கட்டியிருந்தபோது, முந்தின ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்துப் பாய்ந்து, பாய் வீட்டு முற்றம் முழங்கால் ஆழக் குளம். பிரியாணி தேக்சா ஏற்ற வேண்டிய அடுப்புக் கற்கள் முதலை மாதிரி தலையை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தன. மத்தியானம் வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

“ஊரையே அழைச்சுட்டேனே, சோறு எங்க வச்சு ஆக்குவேன்?” என்று பாய் தலையில் கை வைத்தார். தெருவும் கவலைப்பட்டது. பாதிக் கவலை பாய்க்காக, பாதி பிரியாணிக்காக. சீரகச் சம்பா மூட்டை இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கு மனசு ஆறும்?

பாயின் டிரைவர் மாணிக்கம் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலுமாக, ஆளுக்கொரு மூங்கிலை விட்டுக் குத்தினோம். நான் குத்தினால் அடைப்பு அவன் பக்கம் போகும். அவன் குத்தினால் என் பக்கம் வரும்.

“நடுவுல எவனோ உக்காந்துக்கிட்டுத் திருப்பித் தள்றான்யா!” என்றான் மாணிக்கம்.

அப்போது கேட்டது விசில். வெள்ளை உடுப்பு, தொப்பி, கக்கத்தில் கொடிகள்.

“ஏலே, ஒத்தத் தண்டவாளத்துல ரெண்டு பக்கமும் வண்டிய விட்டா ஊர் போய்ச் சேருமா? ரெண்டு பேரும் மேட்டுப் பக்கம் போங்க. பள்ளத்துப் பக்கம் நான் நிக்கிறேன். பச்சையக் காட்டாம ஒரு குச்சி உள்ள போகப்படாது.”

மூங்கில் நுனியில் சாக்கைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். கார்டு கடிகாரத்தைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன தாமசம் கார்டு சார்?” பாய் கெஞ்சினார்.

“லைன் கிளியர் வரணும் பாய்.”

“யா அல்லா! அத யாரு குடுக்கணும்?”

“நாந்தேன்.”

ஒருவழியாகத் தமக்குத் தாமே அனுமதி கொடுத்துக்கொண்டு, விசிலை ஊதிப் பச்சையை வீசினார். மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். அசையவில்லை. என்ன சங்கதி என்று பார்க்கக் கார்டு குனிந்து, குழாய் வாய்க்கு நேராக முகத்தை வைத்தார். அந்த நேரம் பார்த்து வண்டி வந்து சேர்ந்தது.

முதலில் தேங்காய் மட்டை. பிறகு வாழைச் சருகு. பிறகு பாதிப் பூசணிக்காய். அதன் பின்னால் திண்டுக்கல்லில் பெய்த மொத்த மழை. கார்டு மல்லாந்தார். பச்சைக் கொடி பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்தே நின்றது.

பூசணிக்காயின் உள்ளே குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை. பாய் திரும்பிப் பார்ப்பதற்குள் மாணிக்கம் தெருமுனைக்குப் போயிருந்தான். போன வாரம் ஆயுத பூசையன்று காருக்குத் திருஷ்டி சுற்றி அவன் உடைத்த காய் அது. சைக்கிளில் வருகிறவன் வழுக்கி விழக் கூடாதே என்ற நல்ல மனசில் சாக்கடைக்குள் தள்ளிவிட்டிருக்கிறான்.

“காருக்குத் திருஷ்டி கழிக்கிறேன்னு வாசலுக்கு மூடி போட்டுட்டியேடா!”

“இனி கவலையில்ல முதலாளி. திருஷ்டி பூரா கார்டு மேல போயிருச்சு!”

முற்றம் வடிந்தது, தேக்சா ஏறியது, நிக்காஹ் நடந்தது, தெரு வயிறாரச் சாப்பிட்டது. கார்டு சைவம். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, தனி இலையில் பழமும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு, நேரே வாசல் பாதையில் கொடிகளோடு போய் நின்றுகொண்டார். அவர் முழுகித் திறந்த லைன் அது. அவர் கொடி காட்டாமல் அதன்மேல் எந்தக் காரும் போகக் கூடாது.

சாயங்காலம் மாப்பிள்ளையின் கார் புறப்படத் தயாரானது. உள்ளே மணப்பெண் மைமூன். விடிந்ததிலிருந்து அடுப்புக்கும் வாசலுக்குமாக ஓடிய பாய், மகளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாத்திரை போட்டீங்களா அத்தா?” என்று அவள்தான் கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“மக்ரிப் தொழுகைக்குள்ள ஊர் போய்ச் சேரணும். பச்சையக் காட்டுங்க கார்டு சார்!” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவசரப்படுத்தினார்.

“காட்டிருவாரு. எனக்குத் தெரியாதா இந்த மனுசன?” என்று என் பக்கத்தில் நின்ற கார்டின் மனைவி முணுமுணுத்தார்.

கார்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பிடித்திருந்த பாயின் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, காருக்கு முன்னால் போய் நின்று, சிவப்புக் கொடியை விரித்தார்.