நான்காவது கன்வெர்ட்டரின் மரண விசாரணை

உலகம் தோன்றிய நாளிலிருந்து காற்று வீசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று ஒரு தலைவர் கிடைத்தது பெரம்பலூரில்தான். 'தூய காற்று இயக்க'த்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர் என்று மூவராகவும் விளங்கும் அமிர்தலிங்கம் அவர்களைத்தான் சொல்கிறேன். நான் அதன் செயலாளர் ராஜராஜன். அவர் பேசினால் கைதட்டுவேன். நிறுத்தினால் இன்னும் பலமாகத் தட்டுவேன்.

தலைவர் ஒரு காலத்தில் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் விட்டவர். அந்த லாரிகள் கக்கிய புகையைப் பார்த்துத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. உடனே லாரிகளை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு, சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போன ஹைப்ரிட் காரை வாங்கினார். பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், பாதி நேரம் பேட்டரியில் ஓடும். இரண்டு பக்கக் கதவிலும் 'புகையில்லா ஊர்தி' என்று பச்சை எழுத்தில் எழுதினோம். கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. பரவாயில்லை, ஓடும்போது தெரியாது.

அந்தக் காருக்கு அடியில் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா உண்டு. எஞ்சின் விடுகிற நச்சுப் புகையைத் தான் வாங்கிக்கொண்டு, வெளியே நல்ல காற்றாக அனுப்புவது அதன் வேலை. இப்படிப்பட்ட தியாகி எங்கள் காரில் மட்டும் நிலைக்கவே இல்லை. ஒன்று அமரரானது. புதிதாக ஒன்று போட்டோம், அதுவும் அமரரானது. மூன்றாவது போனபோது தலைவர், ஆளுக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார்.

அரியலூர் மெக்கானிக் ஜெயசீலன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், கன்வெர்ட்டர் குத்தவாளி இல்லைங்க. அது செத்துப்போன ஆளு. செத்தவனையே மாத்திக்கிட்டிருந்தா எப்படிங்க?"

"அப்ப கொன்னது யாரு?" என்றார் தலைவர்.

"அது தெரியலைங்க. புதுசு ஒண்ணு போட்டுரட்டுங்களா?"

இந்த ஆழமான ஆய்வுக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் பதிலுக்குத் தலைவருக்கு ஒன்று போர்த்தினார். எங்கள் இயக்கத்தில் எது நடந்தாலும் இப்படித்தான் முடியும். கன்வெர்ட்டர் செத்தால் ஆறுதல் பொன்னாடை. புதிது போட்டால் பாராட்டுப் பொன்னாடை. அத்தனையும் காரின் பின்சீட்டில் போய்ச் சேரும். தலைவர் முன்சீட்டில்தான் உட்காருவார், பின்சீட்டில் அவருடைய புகழ் உட்கார்ந்துவரும். அதை யாரும் தொடக் கூடாது என்பது கட்டளை.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டார். டிரைவர் ராசாங்கம்.

"நீ ஓட்டுற லட்சணந்தான்யா காரணம். லாரி ஓட்டுன கால் இல்ல? மிதிச்சே கொல்ற. நாலாவதும் போச்சுன்னா நீயும் போகணும், ஆமா!" என்றார் தலைவர்.

ராசாங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. லாரிக் காலத்திலிருந்து தலைவரிடமே இருக்கிறவர். மகள் சண்முகப்பிரியாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். 'தலைவர் கார் டிரைவர்' என்று சொல்லித்தான் செந்துறையில் மாப்பிள்ளை வீட்டில் கைநனைத்து, சம்பந்தம் பேசி முடித்திருந்தார்.

"ஐயா, முட்டைய வச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி ஓட்டுறேன். இந்த வயசுல வேற எவன்ங்கய்யா என்னை நம்பிச் சாவியக் குடுப்பான்?" என்று கெஞ்சினார்.

தலைவர் கருணை மிக்கவர். காதில் விழாத மாதிரி இருந்தார்.

நான்காவது கன்வெர்ட்டர் பொருத்து விழா சிறப்பாக நடந்தது. பூசணிக்காய் உடைத்தோம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். வந்தவர்கள் எல்லாரும் போர்த்தியதில் பின்சீட்டுப் புகழ் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் தலைவரின் மனைவி லீலாவதி அம்மாள் செட்டிகுளம் மலைக்கோயிலுக்குக் கிளம்பினார். பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ராசாங்கம், நான் எங்க உக்கார்றது? இதென்ன ஜவுளிக்கடையா?"

"ஐயா தொடக் கூடாதுன்னுட்டாங்கம்மா."

"உங்க ஐயாவ நான் பாத்துக்கறேன்."

கட்டளைகளெல்லாம் அந்த அம்மாள் முன்னால் செல்லுபடியாகாது. பொன்னாடைகளை வாரி வீட்டுக்குள் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். கார் சத்தமே இல்லாமல் போனது, சத்தமே இல்லாமல் வந்தது. வழக்கமாக வீடு வந்ததும் வரும் தீய்ந்த வாடையும் இல்லை. ராசாங்கம் நம்ப முடியாமல் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே தலைவர் பொன்னாடைகளை மடித்துத் திரும்ப அடுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் அரியலூர் போவதற்குள் கார் இருமத் தொடங்கி, புகை கக்கி, ஜெயசீலன் பட்டறை வாசலில் நின்றது. நான்காவதும் அமரரானது.

பொன்னாடைக் குவியலின் ஓரத்தில் என்னோடு ஒடுங்கி வந்திருந்த லீலாவதி அம்மாளுக்குப் பொறி தட்டிவிட்டது. பொன்னாடைகளைத் தள்ளிவிட்டு, சீட்டின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இங்க சல்லடையாட்டம் இருக்கே, இது என்ன? அடுப்பு மாதிரி கொதிக்குது!"

ஜெயசீலன் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட, ஆமாங்கம்மா! பேட்டரி இந்த சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு. அது காத்து வாங்குற வழிங்க இது. இத அடைச்சுட்டா பேட்டரி சூடாயி வேலையப் போட்டுட்டு உக்காந்துரும். அத்தனை சுமையும் எஞ்சின் தலையில விழும். கெழட்டு எஞ்சின், ஆயிலக் குடிச்சுப் புகையாக் கக்குது. அந்தப் புகைய முழுங்கி முழுங்கித்தான் கன்வெர்ட்டர் சாவுது."

"பாத்தீங்களா? உங்க மரியாதைதாங்க காரோட மூச்ச அடைச்சிருக்கு" என்றார் அம்மாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வானம் நன்றாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ராசாங்கம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அப்ப தப்பு என்னுதில்லைங்களேய்யா?"

இயக்க வரலாற்றில் இப்படி ஒரு அத்துமீறலை நான் கண்டதில்லை. உடனே அரியலூரிலேயே ஒரு மண்டபத்தில் அவசரப் பொதுக்குழு கூடியது. தலைவர் தழுதழுத்தார்.

"பொன்னாடைங்கிறது துணியா? மக்கள் அன்பு! மக்கள் அன்பு பேட்டரிய அடைக்கும்னு சொல்றவன் மனுசனா?"

"இல்லை!" என்றோம்.

மரணத்துக்குக் காரணம் 'ஓட்டும் முறை' என்று ஏகமனதாகத் தீர்மானமானது. லீலாவதி அம்மாள் உறுப்பினர் இல்லை என்பதால் அவர் போட்ட சத்தம் பதிவாகவில்லை. ராசாங்கத்தை விலக்கினோம். ஆனால் நாங்கள் பண்பு தெரிந்தவர்கள். மேடையேற்றி, அவருடைய நீண்டநாள் சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தித்தான் விலக்கினோம்.

ராசாங்கம் கலங்கிய கண்ணோடு வெளியே வந்து, பொன்னாடையை எடுத்து அழகாக மடித்தார். காரின் பின்கதவைத் திறந்து குவியலின் உச்சியில் வைத்தார்.

"இதுக்கும் எடம் இங்கதானுங்களேய்யா. மாப்பிள்ள வூட்டுல நானே சொல்லிக்கிறேன்."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, செந்துறை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். லீலாவதி அம்மாளும் காரில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் பெரம்பலூர் போய்விட்டார்.

ஜெயசீலன் ஐந்தாவது கன்வெர்ட்டரைப் பொருத்தினார். தலைவரின் மைத்துனரே காரை ஓட்டினார். அரியலூர் எல்லை தாண்டுவதற்குள் ஐந்தாவதும் அமரரானது. பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு வந்த மைத்துனரின் லாரியில் காரையும் கட்டிவிட்டு ஏறித்தான் தூய காற்று இயக்கம் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் மறுபடியும் பொதுக்குழு. ஓட்டியது மைத்துனர் என்பதால் இந்த முறை 'ஓட்டும் முறை'யைக் குறை சொல்ல முடியவில்லை. தலைவர் கண்மூடி யோசித்தார். பிறகு பெருந்தன்மையோடு எழுந்தார்.

"லீலா சொன்னது சரிதான். பொன்னாடைதான் அடைச்சிருக்கு."

மண்டபமே ஆடிப்போனது.

"ஆனா எந்தப் பொன்னாடை? உச்சியில கெடந்தது யாருது?"

"ராசாங்கத்துது!"

"அதான்!"

அந்த ஒரு பொன்னாடைக்கு மட்டும் கண்டனம் தெரிவித்து, அதை எரித்தோம். புகை நன்றாக வந்தது. அடியில் கிடந்தவையெல்லாம் நாங்கள் போர்த்தியவை என்பதால் அவை நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டன. இந்தக் கண்டுபிடிப்புக்காகத் தலைவருக்குப் புதிதாக ஒன்று போர்த்தினோம். ராசாங்கத்துடையது கிடந்த அதே இடத்தில் நானே அதைப் பத்திரமாக வைத்தேன்.

ஆகவே இரண்டு மாவட்டப் பொதுமக்களுக்கும் இயக்கத்தின் சார்பில் அறிவித்துக்கொள்கிறேன். காற்றை அடைத்தது யார் என்று கேட்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். உங்களுக்கும் ஒரு பொன்னாடை தயாராக இருக்கிறது.