எழுதத் தொடங்கு முன்

ஆயத்தக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தோட்டம் செய்யும் எண்ணம் வந்ததும் மண்வெட்டிகளைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்பவர். கொழும்புக்குப் போவதென்றால் பஸ் நேரங்களை எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, சரிபார்த்ததை நல்ல தாளில் மறுபடி பிரதிபண்ணி, அதற்குள் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கான ஆயத்தங்களில் இறங்குபவர். அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சோம்பேறி ஓய்வெடுப்பான். ஆயத்தக்காரருக்கு ஓய்வே கிடையாது.

இந்த இனம் எல்லாத் தொழிலிலும் உண்டு என்றாலும், அது செழித்து வளர்வது கல்வியில். கல்வியிலும் எழுத்துப் பயிற்சியில். ஏன் என்று கேட்கிறீர்களா? நீச்சல் பழக்குகிறவர் என்றைக்காவது ஒருநாள் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கித்தான் ஆகவேண்டும். எழுத்து அப்படியல்ல. ஒரு வரியும் எழுதாமலே எழுத்தைப் பற்றி வருடத்தின் மூன்று தவணையும் கதைக்கலாம். ஒருவரும் மூழ்க மாட்டார்கள்.

கல்முனைக்குடி மக்கீன் சேர் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற வடிவம். கடற்கரையோரத்து ஆசிரியர் கலாசாலை ஒன்றில் விரிவுரையாளர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் வரிசையாகப் பேனைகள், எதையும் இரண்டு தரம் யோசித்துவிட்டு மூன்றாம் தரம் ஒத்திவைக்கும் நிதானம். எழுபத்தேழாம் ஆண்டு முடிகிற நேரம் கலாசாலை அதிபர் அவரைக் கூப்பிட்டு, வருகிற வருடம் முதலாம் வருட மாணவர்களுக்கு எழுத்தாக்கம் என்றொரு புதுப்பாடம் தொடங்கவேண்டும் என்றார். காரணத்தையும் சொன்னார்.

"லீவு கேட்டு ஒருத்தன் எழுதியிரிக்கான், மக்கீன். மூத்தம்மா மவுத்தாகிட்டாவாம். அந்த மரணத்தத் தயவுசெய்து அனுமதிக்கும்படி கேட்டு முடிச்சிரிக்கான். நான் என்னத்த அனுமதிக்கிற?"

"அடிப்படை இல்ல சேர்," என்றார் மக்கீன் சேர். "அடிப்படையில இருந்து வரணும்."

அந்த டிசம்பர் விடுமுறை முழுவதும் அவர் அடிப்படையில் இருந்து வந்துகொண்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் தடித்த பிறிஸ்டல் போட் தாள்கள் விரிந்து கிடந்தன. அவற்றில் அடிமட்டத்தால் கோடிழுத்து, பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வாரத்தை அடைத்தார். விருந்தாட்கள் சுவரோரமாக நடந்து போய்க் கதிரையில் உட்கார்ந்தார்கள். முதலாம் தவணை: எழுத்தென்றால் என்ன, எழுத்தின் தோற்றம், எழுதுபவர் உட்காரும் முறை, பேனை பிடிக்கும் முறை, தாளின் ஓரம் விடுதல், ஓரம் விடுவதன் நோக்கங்கள். இரண்டாம் தவணை: வாக்கியத்தின் வரைவிலக்கணம், வாக்கியத்தின் வகைகள், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் உள்ள உறவு. மூன்றாம் தவணை: பந்தி பற்றிய அறிமுகம், தொடக்கங்களின் வகைகள், முடிவுகளின் வகைகள், மீட்டல்.

அவருடைய மனைவி நஸீறா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தாள். வாசிக்கத் தெரிந்தவள். அதுதான் கரைச்சல்.

"இதுல புள்ளைகள் எப்ப எழுதுவாங்க?"

"அது இரிக்கி."

"எங்க?"

அவர் குனிந்து தேடி, மூன்றாம் தவணையின் கடைசி மூலையைத் தொட்டுக் காட்டினார். 'எழுதுதல்' என்று ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"கேள்விக்குறி என்னத்துக்கு?"

"நேரம் மிஞ்சினா."

நஸீறா கோப்பையை வைக்க இடம் தேடினாள். இடம் இல்லாததால் கையிலேயே திரும்பக் கொண்டுபோனாள்.

பாடம் தொடங்கியது. ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வேறு விரிவுரையாளர்கள் எல்லாரும் ஏதாவது செய்யச் சொன்னார்கள். மக்கீன் சேர் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அவர் கதைப்பார், இவர்கள் குறிப்பெடுப்பார்கள். குறிப்பெடுப்பதில் காரைதீவுக் கனகரெத்தினத்தை வெல்ல ஆளில்லை. சேர் இருமினால்கூட அதற்கு ஒரு வரி விடுவான் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

யாராவது சந்தேகம் கேட்டால் சேரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கடிதம் எப்படித் தொடங்குவது, சேர்? "அதுக்கு வருவம்." கட்டுரைக்கு எத்தனை பந்தி, சேர்? "அதுக்கு வருவம்." அந்தச் சொல்லை அவர் சொல்கிற விதத்தில் ஒரு இதம் இருக்கும். கேட்டவனுக்குத் தான் ஏதோ கண்டிப்பாக வந்துசேரப்போகிற இடத்துக்கு அவசரப்பட்டுவிட்டதாக வெட்கம் வந்துவிடும்.

வெட்கம் வராத ஒருத்தி இருந்தாள். சித்தி லைலா என்ற நிந்தவூர் மாணவி. இரண்டாம் தவணையின் நடுவில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசையடிக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"சேர், சும்மா ஒரு பந்தி எழுதின. ஒருக்காப் பாக்குறீங்களா?"

மக்கீன் சேர் அந்தத் தாளைத் தொடவில்லை. வேகாத சோற்றைப் பரிமாறக் கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், கோபமில்லை, கவலைதான்.

"பந்தி மூண்டாந் தவணை, புள்ள."

"தெரியும் சேர். எழுதிட்டன்."

"இப்ப எழுதினாப் பிழையாப் பழகிரும். பழகினா மாத்தக் கஷ்டம். கொண்டுபோய் வைங்க. அதுக்கு வருவம்."

அவள் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் தவணை வந்தது. இரண்டாம் தவணையில் வாக்கியங்களின் உறவு முற்றுப்பெறாததால் பந்தி பின்தள்ளப்பட்டது. பந்தி பின்தள்ளப்பட்டதால் அந்தச் சின்னப் பெட்டி அடுத்த வருடத்துக்கு மாற்றப்பட்டது. கேள்விக்குறியையும் சேர் கவனமாக மாற்றி வைத்தார்.

நவம்பரில் புயல் வந்தது. அதைக் கேலி செய்யும் துணிவு இந்தக் கரையில் யாருக்கும் இல்லை. விடிந்தபோது தென்னந்தோப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. ஓடுகள் பக்கத்து வளவுகளில் கிடந்தன; தென்னோலைக் கிடுகுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மக்கீன் சேரின் வீட்டுக் கூரையும் போனது. பாடத்திட்டம் மட்டும் தகரப்பெட்டிக்குள் நனையாமல் இருந்தது.

கலாசாலையின் மண்டபத்துக்குக் கூரை மிஞ்சியிருந்ததால் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் அங்கே வந்து தங்கியது. சில நாளில் ஏ.ஜி.ஏ. எனும் அரச நிர்வாகக் கந்தோரில் இருந்து ஆள் வந்து சொன்னான்: கூரை இழந்த ஒவ்வொரு குடும்பமும் எழுத்தில் விண்ணப்பம் தரவேண்டும்; வெள்ளிக்கிழமை லொறி வரும்; அதில் போகிற விண்ணப்பங்களுக்குத்தான் முதல் தொகுதிக் கூரைத் தகரம். மண்டபம் முழுவதும் ஒரு முணுமுணுப்புப் பரவி, ஒரே இடத்தில் வந்து நின்றது: இங்கேதானே எழுதப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதிபர் மக்கீன் சேரைத் தேடிப் பிடித்தார்.

"உங்கட வகுப்ப இறக்குங்க. ஆளுக்குப் பத்துக் குடும்பம் எழுதினாப் போதும்."

மக்கீன் சேரின் முகம் வெளிறியது. "விண்ணப்பம் அடுத்த வருசத் திட்டத்துலதான் வருது சேர்."

அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே தகரத்துண்டொன்றைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒருவர் நின்றார்.

"சரி சேர்," என்றார் மக்கீன் சேர். "ஒரு அறிமுகம் மட்டும் குடுத்துட்டு இறக்குறன்."

அதன்பிறகு இரண்டு நாள், பகலிலும் மாலையிலும், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அவர் அந்த அறிமுகத்தை ஆயத்தம் செய்தார். வியாழக்கிழமை காலையில் பாதிக் கூரையுள்ள ஒரு வகுப்பறையில், நனையாத பக்கத்தில் மாணவர்களை நெருக்கி இருத்தி, கரும்பலகையில் எழுதினார்: 'விண்ணப்பத்தின் தோற்றமும் வளர்ச்சியும்.'

சனம் யன்னல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பயபக்தியோடுதான் கேட்டது. மன்னர் காலத்தில் குடிகள் முறையிட்ட விதம் சொல்லப்பட்டது. ஒல்லாந்தர் காலம் வந்தது. வெளியே நின்ற சல்மா உம்மா, இரண்டு பேரக்குழந்தைகளை இடுப்பிலும் கையிலுமாக வைத்திருந்தவள், ஒல்லாந்தர் முடியுமட்டும் பொறுத்துவிட்டு யன்னலுக்குள்ளால் கேட்டாள்.

"மகன், இது முடிஞ்சாப் பிறகா எழுதுவாங்க?"

"அதுக்கு வருவம் உம்மா," என்றார் மக்கீன் சேர்.

"நாளைக்கு லொறி வருமாமே."

அவர் வெள்ளைக்காரர் காலத்துக்குப் போனார். அப்போது சித்தி லைலா எழுந்தாள். அனுமதி கேட்கவில்லை. தன் கொப்பியில் இருந்து தாள்களைக் கிழித்துக்கொண்டு, பின் வாங்கில் போய் உட்கார்ந்து, கதவுப் பக்கம் கையைக் காட்டி, "வாங்க, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றாள். சிறிது நேரத்தில் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இருவர். ஒவ்வொரு மேசையடியிலும் ஒரு சின்ன வரிசை உண்டானது. கடைசியில் சேருக்கு முன்னால் கனகரெத்தினம் மட்டும் இருந்தான். எழுதிக்கொண்டே இருந்தவன் தலையை நிமிர்த்தினான்.

"சேர், இது சோதனைக்கு வருமா?"

மக்கீன் சேர் நேர்மையான மனிதர். "வராது," என்றார்.

கனகரெத்தினம் பேனையை மூடவில்லை. குறிப்புக் கொப்பியை மட்டும் மூடிவிட்டுப் பின்னால் போனான்.

சேர் கரும்பலகையடியில் தனியே நின்றார். கையில் இருந்த சோக்கை வைக்கவும் மனமில்லை. தான் வந்துசேர வேண்டிய இடத்துக்கு எல்லாரும் தன்னை விட்டுவிட்டு முந்திப் போய்விட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பிழைகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிழைகளைப் பார்ப்பதற்காக வாங்குகளுக்கு இடையில் நடந்தார்.

லைலாவுக்கு முன்னால், வரிசையில் முதல் ஆளாக, நஸீறா நின்றாள்.

"நீங்க இஞ்ச என்ன செய்யிற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கட கூரைக்கு எழுதுறன்."

"நான் எழுதுறன் எண்டு சொன்னன்தானே. நகல் போட்டு வெச்சிரிக்கன்."

"பாத்த. 'மேன்மை தங்கிய ஐயா' எண்டு மூண்டு தாள்ல இரிக்கி. அதுக்குக் கீழ ஒண்டும் இல்ல." அவள் சண்டைக்கு வரவில்லை; தகவல் சொன்னாள். லைலா எழுதி முடித்த தாளை அவளிடம் கொடுக்க, அவள் அதில் கையெழுத்துப் போட்டு, மையுலரட்டும் என்று கணவரிடம் நீட்டினாள்.

அன்றுதான் மக்கீன் சேர் தன் மாணவி ஒருத்தி எழுதியதை முதன்முதலாக வாசித்தார்.

'எங்கள் வீட்டின் ஓட்டுக் கூரை முழுவதும் போய்விட்டது. நெல்லுக் காயப்போடும் படங்கு ஒன்றை மேலே கட்டியிருக்கிறோம். அது சாப்பாட்டு மேசை உள்ள இடத்துக்கு மட்டும்தான் போதும். மேசைக்குக் கீழே எங்கள் பிள்ளைகள் மூவரும் படுக்கிறார்கள். மேசைக்கு மேலே அவர்களின் வாப்பா விரிவுரைக்கு ஆயத்தம் செய்கிறார். சின்னவளுக்கு இருமல். முதல் தொகுதியிலேயே தகரம் தந்து உதவும்படி கேட்கிறேன்.'

அவர் பேனையை எடுத்தார். ஓரம் விடப்படவில்லை. விளிப்பு இல்லை. பிழையைத் தேடிக்கொண்டே கீழே வந்து, மேசையிருந்த வரியில் நின்றுவிட்டார். அந்த இருமலை இரண்டு நாளாகக் காலடியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் படுக்கச் சொன்னதும் ஞாபகம் வந்தது. பிழை ஒன்று இருந்ததுதான். ஆனால் அது தாளில் இல்லை.

"இத எப்பிடி எழுதின நீங்க?" என்று லைலாவைக் கேட்டார்.

"நஸீறா ராத்தா சொன்னா சேர். அதத்தான் எழுதின." அவள் அடுத்த தாளை எடுத்தாள். "சேர், வரிசை நீளமாப் போகுது. அந்த வாங்குல இடமிரிக்கி."

மக்கீன் சேர் உட்கார்ந்தார். சல்மா உம்மா குழந்தைகளோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "சொல்லுங்க உம்மா," என்றார். முதல் தாளில் கை தன்பாட்டில் 'மேன்மை தங்கிய' என்று தொடங்கியது. நிறுத்தி, இன்னொரு தாளை எடுத்து, அவள் சொன்னதை எழுதினார். பொழுது சாய்வதற்குள் அவரும் எழுதினார், எல்லாரும் எழுதினார்கள். எழுத்துப்பிழை ஏராளம். வெள்ளிக்கிழமை லொறி வந்தது. கட்டுகளை அவரே தூக்கி ஏற்றினார். சில வாரங்களில் சல்மா உம்மாவுக்கும் நஸீறாவுக்கும் இன்னும் பலருக்கும் தகரம் வந்தது. வராதவர்களுக்காக லைலா மறுபடி எழுதினாள்.

மனிதர் திருந்திவிட்டாரா? திருந்தினார். புதுவருடம் பிறந்ததும் அதிபரிடம் போய், இனி முதல் நாளே மாணவர்கள் எழுதவேண்டும், எழுதியதை நான் வாசிக்கவேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் என்று உறுதியாகச் சொன்னார். அதிபருக்குச் சந்தோசம். நாளைக்கே தொடங்குங்கள் என்றார்.

"தொடங்கலாம் சேர்," என்றார் மக்கீன் சேர். "அதுக்கு ஒரு சின்ன ஆயத்தம் தேவைப்படும்."

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் சவூதிக்குப் போன உங்கள் தம்பியின் கடிதம் ஒன்று அலுமாரி மேலே பதிலில்லாமல் கிடக்கிறதே, அது வந்து எத்தனை மாதம்? எழுத மனமில்லாமல் இல்லை. எழுத எவ்வளவோ இருக்கிறது. நல்ல தாள் வாங்கிவிட்டீர்கள். விமானத் தபால் உறையும் வாங்கிவிட்டீர்கள். ஒருநாள் ஆறுதலாக இருந்து, மனம் வைத்து, ஒன்றும் விடாமல் எழுதவேண்டும் என்றுதான் இருக்கிறீர்கள். அவன் அங்கே ஒவ்வொரு வெள்ளியும் தபால் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.