மேடத்துக்கு வாத்து சுட்ட விவரம்

சிங்கப்பெருமாள் கோயில்,
11-2-2025

கர்த்தருக்குள் பிரியமான செல்லம்மா அக்காவுக்கு, தம்பி தாவீது தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஹெலனும் மகள் ஜெனிஃபரும் சுகம். ஓவன் மட்டும் சுகமில்லை. உன் சுகத்துக்கும் மாமாவின் முழங்காலுக்கும் தினமும் ஜெபிக்கிறோம். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். ஞாயிறு மாலையிலிருந்து மூன்று முறை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படிக்கவும்.

ஜெனிஃபரைக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், நைனா சரியென்றால்தான் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள், அதனால் அவளுடைய கொரியா மேடம் எங்களைப் பார்த்துப் பேச வீட்டுக்கு வருகிறார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். "வயிறு நிறைய சோறு போட்டுட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லு, கோவம் வராது" என்று யோசனை சொன்னதும் நீதான். மாமாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன் சம்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய். நான் யோசித்தேன். பெரிய மறுப்புக்குப் பெரிய சாப்பாடாகப் போட வேண்டும். கோழி எல்லா வீட்டிலும் போடுவார்கள். கொளவாய் ஏரிப்பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் வந்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை போய் இருப்பதிலேயே கனமான வாத்தாகக் கேட்டு வாங்கிவந்தேன். அது நாலு வருடம் முட்டையிட்டு ஓய்ந்த வாத்து என்று ஹெலன் அதன் காலைப் பார்த்ததுமே சொன்னாள். "இது குக்கர்ல எட்டு விசிலு வச்சாதான் வேவும். இத்தப் போயி முழுசா சுடறேன்றியே, இது இன்னா கத்திரிக்காயா?" என்று கேட்டாள். போனில் ஒருவர் முழுக்கோழி சுடுவதை நான் நான்கு முறை பார்த்திருந்தேன். அதனால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நான் கோயிலுக்குப் போகாமல் வாத்தோடு உட்கார்ந்தேன். இறகைப் பிடுங்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. மிளகு, பூண்டு, எலுமிச்சம்பழம் தடவி ஓவனில் வைத்தால், ஜெனிஃபர் கேக் செய்ய வாங்கிய சின்ன ஓவன் அது, வாத்தின் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கதவு மூடவில்லை. முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவனுக்கு ஒரு கதவைக் கட்டத் தெரியாதா. பழைய கட்டுக்கம்பியை எடுத்து, கால் வெளியே இருக்கிறபடியே, இறுக்கிக் கட்டினேன். ஹெலன் தன் வேலையைப் பார்த்தாள். தேங்காய்ப்பால் சோறு, கத்திரிக்காய்த் தொக்கு, முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலிக் கருவாடு வறுவல், வெங்காயப் பச்சடி, எல்லாம் பதினொன்றரைக்குள் முடித்து மூடி வைத்துவிட்டு, குளித்துப் புடவை மாற்றிக்கொண்டாள்.

வாத்தில் இவ்வளவு கொழுப்பு இருக்கும் என்று அந்தப் போன் ஆள் சொல்லவில்லை. அது கோழியைச் சுட்டவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொழுப்பு உருகிக் கீழே சூடாயிருந்த கம்பிச்சுருளில் சொட்டிச் சொட்டி முதலில் புகை, பிறகு தீ. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார், வீட்டுக்குள் ஆள் முகம் தெரியவில்லை. நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கட்டை அவிழ்த்துக் கதவைத் திறக்கப் போனேன். ஜெனிஃபர் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காத நைனா, தள்ளு. மெயினு ஆஃப் பண்ணியா?"

பண்ணவில்லை அக்கா. ஊருக்கெல்லாம் மெயினை ஆஃப் பண்ணச் சொன்னவன் நான். அவளே போய் ஆஃப் பண்ணினாள். குறட்டால் கம்பியை வெட்டி, கரண்டிக்காம்பால் வாத்தின் காலை உள்ளே மடக்கித் தள்ளி, கதவை அழுத்தி மூடினாள். "காத்து இல்லன்னா அதுவே அணைஞ்சிரும். யாரும் கிட்ட வராதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. இரண்டு நிமிடத்தில் தீ அணைந்தது. நான் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தேன். சின்ன வயதில் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வெடிச்சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்த பெண் இது.

வாத்து மேலே கரி, உள்ளே பச்சை. ஹெலன் அதை அரிவாள்மனையில் துண்டு போட்டுக் குக்கரில் ஏற்றினாள். அது விசிலடித்துக்கொண்டிருக்க, மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மற்றதையெல்லாம் சாப்பிட்டார். கத்திரிக்காய்த் தொக்கு மூன்று முறை வாங்கிக்கொண்டார். கருவாட்டை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிட்டார். வாத்து வெந்து வந்தபோது எல்லோரும் கை கழுவியாகிவிட்டது.

பிறகுதான் நான் தொண்டையைச் செருமினேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதற்குள் மேடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்து, ஓவனைக் காட்டி, ஜெனிஃபரைக் காட்டி, இரண்டு நிமிடம் பேசினார்.

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"நா நல்லா வேல செய்றேனாம்" என்றாள் ஜெனிஃபர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு நிமிடப் பேச்சு அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும் அக்கா. போன டிசம்பரில் கம்பெனியில் ஒரு மிஷினில் புகை வந்தபோது எல்லோரும் ஓட, இவள் ஒருத்திதான் நின்று அணைத்தாளாம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எப்போ பொறப்படணும்?" என்றுதான் வந்தது. ஹெலன் என்னையே பார்த்தாள். ஜெனிஃபர் எழுந்து அடுக்களைக்குள் போனாள். ரொம்ப நேரம் குழாய் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

உன் பேச்சை மீறிவிட்டேன். மன்னித்துக்கொள். பையன் வீட்டில் ஆறு மாதம் பொறுக்கச் சொல், இல்லையென்றால் வேறு பெண் பார்க்கச் சொல். மாமாவுக்கு என் தோத்திரம். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் தம்பி,
தாவீது

பி.கு.: தபாலில் போடாமல் இரண்டு நாள் தாமதித்துவிட்டேன். இன்று ஜெனிஃபர் வந்து சொல்கிறாள், பயிற்சி கொரியாவில் இல்லையாம். சொல்லிக்கொடுப்பவர்களே இங்கே வருகிறார்களாம். ஒரகடத்தில் நடக்குமாம். காலையில் கம்பெனி பஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய், சாயந்திரம் ஆறரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். நீ கேட்டதும் இதுதான், நான் கேட்டதும் இதுதான். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள், எனக்கும் சோறு இறங்கவில்லை. வருகிற ஞாயிறு மேடத்தைத் திரும்பச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். இவளைக் கொரியாவுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் போதாது. முட்டுக்காட்டிலிருந்து காலையிலேயே புறப்பட்டு நீ வந்துவிடு.