அட்சதை தின்ற லென்ஸ்

"எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. தலைவலித் தைலமோ, தோசைக்கல்லோ, லென்ஸோ, எதுவானாலும் சரி. அப்படிச் சொன்னவன் பேச்சைக் கேட்டு என் மாமியாரின் கல்யாணத்தையே கோட்டை விட்டவன் நான். (கல்யாணம் அவருக்கும் மாமனாருக்கும்தான். பயப்பட வேண்டாம்.)

மாமனார் அப்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் பீரோவின் மேல்தட்டு வரை ஏறியது. வடிந்த பிறகு கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்ட கருப்புக் கூழ். அத்தை அதை வெயிலில் காயவைத்தார், பிரிக்கப் பார்த்தார், முடியாமல் ஒரு துணிப்பையில் போட்டு வைத்துக்கொண்டார். அதனால் மாமனாரின் அறுபதாம் கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் என்று முடிவானதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தாலி கட்டும்போது நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா தெரியற மாதிரி ஒரு போட்டோ வேணும். வேற எதுவும் வேணாம்."

"போட்டோகிராபர் எதுக்கு அத்தை? நான் இருக்கேன்ல?" என்று சொன்ன வாய் என்னுடையது. அதை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தது. அதோடு வந்த குட்டி லென்ஸ் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஒழுங்காக வேலை செய்கிற பொருளைச் சும்மா விட என் ஜாதகத்தில் இடமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு எல்லோரும் காசிக்குப் போவதாகத் திட்டம் வேறு. மண்டபத்துக்கும் ஆக வேண்டும், கங்கைக் கரைக்கும் ஆக வேண்டும். யூடியூபில் ஒருவர் "இதை விட்டால் வேறு லென்ஸே இல்லை" என்றார். இன்னொருவர் அதே லென்ஸைத் தூக்கிக் காட்டி, "காசைக் குப்பையில் போடாதீர்கள்" என்றார். இரண்டு பேரும் ஆதாரத்துக்கு ஒரு செங்கல் சுவரைப் படமெடுத்துக் காட்டினார்கள். செங்கல் சுவருக்கு எவனய்யா அறுபதாம் கல்யாணம் செய்கிறான்?

கடைசியில் போய் விழுந்தது மச்சான் பிரபுவிடம். பெருங்குடியில் ஐ.டி. வேலை. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"ரெண்டு லென்ஸ தூக்கிக்கிட்டு அலையாதீங்க மாமா. பக்கத்துலயும் எடுக்கும், தூரத்துலயும் எடுக்கும்னு டிராவல் ஜூம் ஒண்ணு இருக்கு. மாட்டுனா கழட்டவே வேணாம். ஆல் பர்ப்பஸ்!"

தி. நகர் கடையில் அதைக் கேமராவில் மாட்டிக் கீழ்நோக்கிப் பிடித்தேன். உள்குழாய் தானாகவே வழுக்கி வெளியே வந்து முழு நீளத்துக்குத் தொங்கியது.

"என்னங்க இது, தானா இறங்குது?"

"புதுசுல அப்டித்தான் சார். போகப் போக டைட்டாயிடும். எல்லாம் இதுலயே கீது, கண்ண மூடிக்கினு வாங்கு சார்."

பழகப் பழக எந்தப் பொருளாவது இறுகுமா? செருப்பு இறுகுமா? பேண்ட் எலாஸ்டிக் இறுகுமா? இந்தச் சாதாரணக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. அவன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டேதான் வாங்கினேன்.

கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து அறிவிப்பு வேறு செய்தேன். "தயவுசெஞ்சு யாரும் செல்போன்ல எடுக்க வேணாம், மறைக்குது. நானே எடுத்து எல்லாருக்கும் அனுப்பறேன்." சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காத சொந்தக்காரர்கள், அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுத் தொலைத்தார்கள்.

மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, உட்கார்ந்திருந்த ஜோடியை நோக்கிக் கேமராவைச் சாய்த்தேன். லென்ஸ் தொங்கியது. உள்ளே தள்ளினேன். மறுபடி தொங்கியது. "கெட்டி மேளம்!" என்று குரல் எழுந்ததுதான் தாமதம், எனக்குப் பின்னால் நின்ற மாமனாரின் அண்ணன் அட்சதையை வாரி வீசினார். மஞ்சளும் நெய்யும் பிசைந்த அரிசி. பாதி ஜோடி மேல் விழுந்தது, மீதி என் தலையில் பட்டு நீட்டிய குழாய் மேல் கொட்டியது. பதற்றத்தில் முறுக்கினேன். 'கரக்' என்றது. ஒரு நொய் இடுக்கில் போய் உட்கார, லென்ஸ் முழு நீளத்தில் அப்படியே நின்றுவிட்டது. தூரத்துக் கோபுரத்தின் உச்சியைக் கிட்டத்தில் காட்டுகிற நிலை அது. நான் நின்றதோ ஜோடிக்குப் பக்கத்தில். திரை முழுக்க மாமனாரின் இடது காது. என் விரல் அதையே ஒரு கிளிக் அடித்துத் தொலைத்தது.

கேமராவை அசைத்துத் தேடினேன். மூக்கு வந்தது, மல்லிகைச் சரம் வந்தது, ஐயரின் தாடை வந்தது. தாலி மட்டும் வரவில்லை. குதித்து இறங்கிப் பின்னோக்கியே ஓடினேன். பாயச வாளியோடு வந்தவர் மேல் மோதி நின்றபோதுதான் இரண்டு முகமும் அடங்குகிற தூரம் கிடைத்தது. ஆனால் நடுவே சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து நின்றது. மேளம் அடங்கியது. மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. (என் சட்டைப் பையில் செல்போன் இருந்ததே, அது ஞாபகம் வந்ததா? வரவில்லை.)

"எல்லாம் வந்துச்சா மாமா?" என்று பிரபு வந்தான்.

"உன் ஆல் பர்ப்பஸ்ல அட்சதை மாட்டிக்கிச்சுடா!"

"அட்சதையெல்லாம் படக் கூடாது மாமா. அது டிராவல் லென்ஸ்."

அவனை அங்கேயே அறைந்திருப்பேன், மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்காமல் திருட்டுத்தனமாக வீடியோ எடுத்த ஒரே ஆத்மா திருவான்மியூர் சித்தப்பா. ஆவலோடு வாங்கிப் பார்த்தோம். முழுக்க முழுக்க என் முதுகு.

"இன்னொரு தடவை கட்டற மாதிரி..." என்று இழுத்தேன்.

"தாலி என்ன ஷூ லேஸா மாப்ளே?" என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

இப்போதும் குடும்பத்தில் குரூப் போட்டோ என்றால், சின்னது பெரியது எல்லாம் சொல்லிவைத்தாற்போல் இடது காதைத் திருப்பிக் காட்டுகின்றன. பிரபுதான் முதலில் திருப்புவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் காதுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார் அத்தை. மன்னித்துவிட்டார் என்று நம்பி, நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அடையாறில் அவர்கள் இப்போதிருக்கும் வீட்டில், வெள்ளம் எட்டாத மூன்றாவது மாடியில், கதவைத் திறந்தால் எதிரே அதுதான். மேல்மடலில் ஒரு மஞ்சள் அரிசி ஒட்டியிருக்கும். வருகிறவர்களிடம் அத்தை சலிக்காமல் சொல்கிறார்:

"எங்க கல்யாண போட்டோ. மாப்பிள்ளை எடுத்தது. இது அவர் காது. நான் அதுக்குப் பின்னாடி இருக்கேன்."