சந்திராவை இருட்டில் பெண் பார்த்த கதை

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவர்கள் கையில் வீட்டு ஒயரைக் கொடுக்கக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறி, ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்த நான் இதை முழு அதிகாரத்தோடு சொல்கிறேன்.

அறுபதுகளில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பல்பு. அது தறிக்கு மேலே எரியும். கூடத்துக்கு அரிக்கேன் விளக்குதான். என் நாத்தனார் சந்திராவைப் பெண் பார்க்க ஒரு சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போய், மாமியாருக்குச் சோறு இறங்காமல் இருந்த சமயம்.

"கூடத்துக்கு நான் லைட்டு போடறேன் அத்தை" என்றேன். (யாராவது கேட்டார்களா? இல்லை.)

நெசவுக்காரப் பெண்ணுக்கு இணைப்பு என்றால் ஒன்றுதான் தெரியும்: தறியில் தீரப்போகும் பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை முடிச்சுப் போடுவது. மெயினை அணைத்துவிட்டு, தறி பல்பின் ஒரு ஒயரை வெட்டி, அந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவே கூடத்து பல்பை முடிந்தேன். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் எரிந்தன, பீடி நுனி மாதிரி.

பிரித்துக் கட்டவோ அரிக்கேனை ஏற்றவோ நேரமில்லை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சந்திரா காப்பித் தட்டோடு போய் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, பொண்ணு மூஞ்சியே தெரியலியே. எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

நான் என் வீட்டுக்காரர் காதில் விஞ்ஞானம் ஓதினேன்: "தறி பல்ப கழட்டிடுங்க. அந்தக் கரண்டும் இங்க வந்துடும்."

படித்தவள் சொல்கிறாளே என்று அவரும் கழற்றினார். வீடே இருண்டது. (ஒரே வரிசையில் கோத்த பல்புகளில் ஒன்றைக் கழற்றினால் மின்சாரத்துக்கு வழியே கிடையாது. இதற்குப் படம் போட்டுப் பாகம் குறித்து மார்க் வாங்கியவள் நான்.) தம்ளர்கள் உருண்டன. "ஐயையோ, காப்பி!" என்று யாரோ அலறினார்கள். கூடவே ஒரு சிரிப்பு. சந்திராதான், அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"போச்சு, மூணாவதும் போச்சு" என்று மாமியார் முனகினார்.

இருட்டில் இன்னொரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அம்மா!

"என் மடியெல்லாம் காப்பி! இப்படி சிரிக்கிற பொண்ணுதாம்பா எங்க வூட்டுக்கு வேணும். அரிக்கேன எடுத்துக்கினு வாங்க, தட்டு மாத்திக்கலாம்."

மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கே அவருக்கு நான் கடன்பட்டவள். சந்திராவுக்கு மாமியாராகிவிட்ட அந்த அம்மாளையோ இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடுகிறேன். அவர் சாகும்வரை ஊரெல்லாம் சொன்னதை, எங்கள் குடும்பத்தில் இப்போதும் ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்:

"வெளிச்சத்துல பொண்ணு பார்த்தவங்கல்லாம் மருமவளக் கொற சொல்லிக்கினு இருக்குறாங்க. நான் இருட்டுல பார்த்தேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல."