கிராம் மேஸ்திரி பார்க்க மறுத்த கடல்

காஞ்சிபுரத்தில் அந்த நாளில் இரண்டு செருப்பும் ஒரே எடையில் போட்டு நடந்தவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது நிரூபித்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன். ஒரு செருப்பு தேய்ந்து எடை குறைந்தால் அடியில் டயர் துண்டை ஒட்டிச் சரிக்கட்டுவார். தன் கல்யாணத்தில் மாலை இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனமானதிலிருந்து நாலு சாமந்தியைப் பிய்த்துப் போட்டார் என்றும் கேள்வி. ஊரில் அவருக்குக் கிராம் மேஸ்திரி என்றுதான் பெயர்.

பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறையை ஒட்டின கொட்டகையில் எஞ்சின் ரிப்பேர் செய்வார். எதிரே பட்டு சங்கத்தில் நான் ஜரிகை நிறுத்துக் கொடுக்கும் குமாஸ்தா. எங்கள் ஜரிகைத் தராசு தலைமுடி விழுந்தாலும் சாயும். அதன்மேல் மேஸ்திரிக்கு ஒரு கண். சாப்பாட்டு வேளையில் இரண்டு பிஸ்டனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"ரெண்டும் ஒரே எடை இல்லேன்னா எஞ்சின் ஆடும் சார்" என்பார். கனமான பிஸ்டனின் உள்பக்கத்தை அரத்தால் ராவுவார், நிறுப்பார், மறுபடி ராவுவார். ஜரிகைக் கண்டெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறதே என்று மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைவார். வேலை முடிந்தால் ஓடுகிற எஞ்சின்மேல் விளிம்பு வரை டீ ஊற்றின கிளாஸை வைப்பார். ஒரு சொட்டு சிந்தினால் எஞ்சினைத் திரும்பப் பிரித்துவிடுவார்.

இத்தனை செய்கிற மனிதர் கடலைப் பார்த்ததே கிடையாது. மகாபலிபுரம் போகலாமா என்று கேட்டால், "அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்பார். காரணம் இருந்தது. அம்மா இல்லாத தங்கச்சி மல்லிகாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்தப் பெண் அண்ணனைக் கேட்காமல், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் படகு வைத்திருந்த அந்தோணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மேஸ்திரிக்கு மாப்பிள்ளை மேல் பாதிக் கோபம், கடல் மேல் பாதிக் கோபம். அதையும் சமமாகத்தான் பிரித்திருந்தார்.

ஒருநாள் அந்தோணியே எஞ்சினோடு வந்து நின்றான்.

"மச்சான், காணும் பொங்கலுக்குக் குப்பத்துல போட் ரேஸு. எங்க அண்ணன் கையால எஞ்சின் பூட்டினாத்தான் போட்டை எடுக்கணும்னு மல்லிகா சொல்லிட்டா."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "சார், எத்தினி சிலிண்டர்னு கேளுங்க."

"ரெண்டு" என்றான் அந்தோணி.

"எனக்கு ஒண்ணும் காதுல விழலியே சார்."

"ரெண்டாம்யா!" என்று கத்தினேன். மூன்று பேரும் ஒரே கொட்டகையில் நிற்க, நான் துபாஷி வேலை பார்த்தேன். என் தலையெழுத்து.

அப்புறம் ஃப்ளைவீல் தேடும் படலம். எஞ்சின் ஓட்டத்தைச் சீராகப் பிடித்து வைக்கிற இரும்புச் சக்கரம் அது. பெண் பார்க்கப் போவது போல என்னையும் இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் நல்ல கனமான சக்கரம் ஒன்று கிடைத்தது. "குண்டுப்பா இது. எழுந்து ஓடறதுக்குள்ள ரேஸே முடிஞ்சிடும்" என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் ஒல்லியாக ஒன்றைப் பிடித்து, கடைசல் பட்டறையில் கொடுத்து இன்னும் இளைக்கவைத்துப் பூட்டினார். "தொட்டா பறக்கும் சார்" என்றார்.

தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. பக்கத்துச் சாயத் தொட்டிக்குள் படகைத் தண்ணீரில் தள்ளுகிற விசிறியை இறக்கி, எஞ்சின்மேல் டீ கிளாஸை வைத்து முடுக்கினார். அடேயப்பா! தொட்டியிலிருந்த அரக்குச் சாயம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. என் வேட்டியும் மேனேஜரின் வெள்ளைச் சட்டையும் ஒரே நிறமாகிவிட்டன.

"என்னய்யா அக்கிரமம் இது!" என்று மேனேஜர் குதித்தார்.

"டீ சிந்தல பாருங்க சார்!" என்றார் மேஸ்திரி.

எஞ்சின் குப்பத்துக்குப் போயிற்று. பொங்கல் நெருங்கும்போது அந்தோணி வாடின முகத்தோடு திரும்பி வந்தான். "அலை ஏறி இறங்கறப்பல்லாம் நின்னு போவுது மச்சான்."

"சார், எஞ்சின் சரியாத்தான் இருக்குது, அலைதான் கோளாறுன்னு சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். "யோவ், சாயத் தொட்டியில ஏதுய்யா அலை? கடலைக் கண்ணால பாக்காம கடலுக்கு எஞ்சின் பூட்டின ஆளு நீர் ஒருத்தர்தான்யா!"

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். "மல்லிகா ரேஸே வேணாங்குது மச்சான். எங்க அண்ணன் வேணும்னேதான் இப்படிச் செஞ்சிருக்குது, அதுக்கு இன்னும் மனசு ஆறலன்னு அழுதுக்கினே இருக்குது."

மேஸ்திரி கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் நேரே அவனைப் பார்த்துக் கேட்டார்: "மாப்ள, பஸ்ஸு எப்போ?"

நானும் போனேன். மேஸ்திரி குனிந்த தலை நிமிராமல் மணலில் நடந்தார். அவர் கடலைப் பார்க்கவில்லை, கடல் சும்மா இருக்குமா? ஓர் அலை வந்து காலை நனைத்து, ஒரு செருப்பை உருவிக்கொண்டு போய்விட்டது.

"ஐயையோ, ஜோடி போச்சே!" என்று அலறினார்.

பின்னால் கலகலவென்று ஒரு சிரிப்பு. மல்லிகா நின்றிருந்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார், முதன்முறையாகக் கடலையும் பார்த்தார்.

"இவ்ளோ ஆடுதே மல்லி! இதுலயா உன் புருஷன் தெனம் போறாரு?"

"தெனம்தாண்ணே. நான் இங்கியேதான் பாத்துக்கினு நிப்பேன்."

பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதுவிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர். மணல் விழுந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

படகில் ஒருமுறை போய் வந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "அலை தூக்கறப்போ விசிறி வெளிய வந்து சும்மா சுத்துது சார். மறுபடி தண்ணியில மாட்டறப்போ ஒல்லிச் சக்கரத்துக்கு மூச்சு முட்டுது. அந்தக் குண்டுதான் இதுக்கு லாயக்கு." மறுநாளே நான் காஞ்சிபுரம் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தூக்கி வந்தேன். இன்னும் இடுப்பு வலிக்கிறது.

அதைப் பூட்டி, வழக்கம்போல எஞ்சின்மேல் கிளாஸ் நிறைய டீ வைத்தார். எஞ்சின் நிற்கவே இல்லை. ஆனால் முதல் அலையிலேயே டீ கவிழ்ந்தது. மேஸ்திரி எஞ்சினைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்துவிட்டார். கூட வந்திருந்த மல்லிகா அவர் கையைப் பிடித்தாள். "எஞ்சின் மேல தப்பில்லண்ணே. நீ அலைக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஊத்து."

ரேஸில் இரண்டாவதாக வந்தார்கள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, குப்பத்தில் மேஸ்திரிக்கு மீன் குழம்பு பரிமாறுவதில்தான் போட்டி. அதற்குப் பிறகு பட்டறையில் அவர் எந்த எஞ்சின்மேல் டீ வைத்தாலும் ஒரு விரற்கடை குறைத்தே ஊற்றுவார்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் காபி கொடுத்தால், டம்ளர் குறைகிறதே, இப்படியா கஞ்சத்தனம் என்று என் மனைவி திட்டுகிறாள். திட்டிக்கொள்ளட்டும், அந்த இடம் மேஸ்திரியுடையது.